இதே வான்

நபீஸா ரீச்சர் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் உள்ளே வந்து தன் மகளை இழுத்துக்கொண்டு வெளியேறினாள். மணி பத்தரைதான். ஏன் என்று கேட்டதற்கு, நீங்கதானே ரீச்சர் போட்டீங்க என்றாள், திரும்பிப் பாராமலே. கால்மணி நேரத்தில் பதினெட்டுப் பிள்ளைகளில் மூன்று பேர்தான் மிச்சம்.

போட்டது உண்மைதான். காலையில் மூதூரிலிருந்து மதினி ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு நீல வான். பிள்ளை பிடிக்கிறவர்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று கீழே எழுதியிருந்தது. சற்றுமுன்தான் பாலர் பாடசாலைக்கு முன்னால், வேப்பமர நிழலில், ஒரு நீல வான் நின்றுவிட்டுப் போனது. நபீஸா உடனே ஃபோனை எடுத்தாள். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் படத்தை அனுப்பும்போது தானாக ஒரு வரி சேர்த்தாள்: “இதே வான் இப்ப எங்கட வாசல்ல நின்டது.” அந்த வரி இல்லாவிட்டால் அது எங்கோ நடந்த கதை. படித்துவிட்டு மறந்திருப்பார்கள். அதற்கு ஒரு ஊரையும் நேரத்தையும் கொடுத்தது அவள்தான்.

சந்தியில் வானை மறித்துவிட்டார்கள் என்று யாரோ சைக்கிளில் சொல்லிக்கொண்டு போனார்கள். மிச்சப் பிள்ளைகளை உதவி ஆசிரியை ஜெஸ்மினிடம் விட்டுவிட்டு நபீஸா ஓடினாள்.

நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். றோட்டெல்லாம் பிளாஸ்ரிக் வாளிகளும் கூடைகளும் உருண்டு கிடந்தன. நடுவில் ஐம்பது வயதிருக்கும் ஒரு மனிதர். உதடு வெடித்து இரத்தம் தாடையில் வழிந்தது. அடையாள அட்டையை இரண்டு கைகளாலும் நெஞ்சுக்கு முன்னால் பிடித்திருந்தார். பாக்கியரத்தினம், கப்பல்துறை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வாளி விற்க வந்தேன், இஞ்சின் சூடானபடியால் நிழலில் நிறுத்தினேன் என்றார். அவர் வாய் திறக்கும்போதெல்லாம் யாராவது ஃபோனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்கள்.

நபீஸா தன் ஃபோனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். காலையில் அதைச் செய்யவில்லை. படத்திலிருந்த வானின் இலக்கத் தகடு இந்த நாட்டுத் தகடே இல்லை. நீலம் மட்டும்தான் ஒன்று.

மீன்கடை முனாஸ் அவளைக் கண்டுவிட்டான். எல்லாரும் திரும்பினார்கள்.

“ரீச்சர், இந்த ஆள்தானே?”

எனக்கும் வந்ததைத்தான் அனுப்பினேன் என்று சொல்லிவிட்டு ஒதுங்கலாம். நாக்கு நுனிவரை அது வந்தது. சொன்னால் வேலை மிஞ்சும். அந்த மனிதர் மிஞ்சுவாரா தெரியாது.

“இவரில்ல. அந்த வரிய நான்தான் எழுதினனான். பாக்காம எழுதினனான். அது பொய்.”

கூட்டத்தில் நின்ற ஒரு தாய், என் பிள்ளையை உங்களை நம்பித்தானே விடுகிறேன் என்றாள். நபீஸா அந்த இடத்திலேயே நின்று, தான் சொன்ன வார்த்தைகளையே குரலில் பதிந்து குழுவுக்கு அனுப்பினாள். காலையில் போட்டதை அழிக்கப் போனபோதுதான், அது வேறு எத்தனையோ குழுக்களுக்குப் போய்விட்டது என்று முனாஸ் காட்டினான். அவனுக்கே அது மூன்று இடங்களிலிருந்து திரும்பி வந்திருந்தது.

கூட்டம் தளர்ந்தது. வாளிகளைப் பொறுக்கிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள், முனாஸும்தான். பாக்கியரத்தினம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வானின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏறாமல் நின்றார்.

“பாலம் தாண்டித்தான் நான் வீட்ட போக வேணும், ரீச்சர். என்ர சொல்லை ஆரும் கேக்காயினம். பாலம் தாண்டும் வரைக்கும் என்னோட வாங்கோவன்.”

முன்பின் தெரியாத ஆணின் வானில், ஊர் பார்க்க. கணவன் றுவைஸ் கேட்டால் என்ன சொல்வான் என்று நினைத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டு முன் ஆசனத்தில் ஏறினாள்.

அவரும் ஏறி வானை எடுத்தார். வளைவு திரும்பியதும் பாலம் தெரிந்தது, பாலத்து வாயில் ஏழெட்டு மோட்டார் சைக்கிள்களும். ஒருவன் ஃபோனைக் குனிந்து பார்த்தான், பிறகு வானைப் பார்த்தான். கையை உயர்த்தினான். மற்றவர்கள் றோட்டுக்கு இறங்கினார்கள்.

அவளுடைய குரல் இவர்களிடம் வந்து சேர்ந்திருக்குமா? வான் வேகம் குறைந்தது. நபீஸா கண்ணாடியை இறக்கப் பார்த்தாள். அது விரலளவு இறங்கி இறுகி நின்றது. அந்த இடைவெளிக்கு வாயைக் கொண்டுபோய், இவரில்ல என்று கத்தினாள். வெளியே ஒவ்வொரு கையாக உயர்ந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு ஃபோன். கிட்ட நின்றவனின் திரையில், கண்ணாடிக்குப் பின்னால், சத்தமில்லாமல் அசையும் தன் வாயை அவள் கண்டாள்.