பாதி ஓஷேரின் நாற்பத்தொன்பது

சமர்கந்தின் யூதர் தெருவில் ஓஷேரை எல்லோரும் பாதி ஓஷேர் என்றுதான் அழைத்தார்கள். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஆள் என்னவோ முழுசுதான், தொப்பையையும் சேர்த்தால் ஒன்றரை. அவர் தொட்ட காரியங்கள்தான் பாதியில் நின்றன. முற்றத்துச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்து, மாதுளை மரம்வரை வந்து, தேநீர் குடிக்க உட்கார்ந்தார். அது பதினோரு வருடத்துக்கு முந்தைய தேநீர். திராட்சைப் பந்தலுக்கு மூன்றே கால்கள். கொடி நாலாவது காலைத் தேடிப் பக்கத்து வீட்டுக்கே குடிபோய்விட்டது.

பெயர் சூட்டியவர் மச்சான் நிசோன். ஓஷேரின் மனைவி புலோருக்கு அண்ணன்; முடிதிருத்துபவர்; ஜெப ஆலயத்தில் பஸ்கா பண்டிகைக்குப் பின் மாலைதோறும் நாளெண்ணிச் சொல்கிறவரும் அவரே.

எகிப்தில் அடிமைகளாய்க் கிடந்த முன்னோர், புறப்பட்டு சினாய் மலையடிக்கு வந்து சேர்ந்த நாட்களை நாங்கள் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பஸ்காவின் இரண்டாம் இரவில் தொடங்கி, இருட்டியதும் ஆசிமொழி சொல்லி, அன்றைய எண்ணைச் சொல்ல வேண்டும். மொத்தம் நாற்பத்தொன்பது. விடுதலை ஒரே ராத்திரியில் கிடைத்துவிடும், அதற்கேற்ற மனுஷனாவதற்கு ஏழு வாரம் பிடிக்கும் என்பார்கள். ஓர் இரவையும் அடுத்த பகலையும் சேர்ந்தாற்போல் மறந்தால் தீர்ந்தது, அந்த வருடம் மேற்கொண்டு ஆசி சொல்லும் உரிமை போய்விடும். இன்னொரு கண்ணியும் உண்டு. ஆசி சொல்வதற்கு முன்னால் யாராவது “இன்னிக்கு எத்தனை?” என்று கேட்டு, நீங்கள் வாய்தவறி எண்ணைச் சொல்லிவிட்டால் எண்ணியதாகவே ஆகிவிடும், அன்றைய ஆசி போச்சு. விவரம் தெரிந்தவர்கள் “நேற்று இத்தனை” என்று சொல்லி நழுவுவார்கள்.

நாற்பத்திரண்டு வருட முயற்சியில் ஓஷேர் ஒருமுறைகூட முழுசாக எண்ணி முடித்ததில்லை. ஒரு வருடம் கால்பந்தாட்டம் கெடுத்தது, ஒரு வருடம் கடைவாய்ப்பல். மிச்சம் நாற்பதையும் கெடுத்தவர் நிசோன்.

இந்த வருடம் பஸ்கா விருந்தில், பதினெட்டுப் பேர் முன்னிலையில், நிசோன் புளிப்பில்லா அப்பத்தைப் பிட்டு, சின்னத் துண்டை ஓஷேரிடம் நீட்டினார்.

“இந்தா மாப்ளே, உனக்குப் பாதிதானே பழக்கம்.”

எல்லோரும் சிரித்தார்கள். புலோரும் சிரித்தாள். அதுதான் ஓஷேருக்குச் சுட்டது. அவள் சிரிப்பைப் பார்த்து மயங்கித்தான் அவளைக் கட்டிக்கொண்டார். அது தன் பக்கமே திரும்பிச் சுடும் என்று யார் கண்டார்கள்?

“இந்த வருஷம் நாப்பத்தொம்பதும் எண்ணி முடிக்கிறேன். முடிச்சிட்டா அந்தப் பேரை இந்தத் தெருவுல யாரும் சொல்லக்கூடாது.”

நிசோன் கையடித்துச் சம்மதித்தார். அவர் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை வைத்துத் தெருவுக்கே விளக்கேற்றியிருக்கலாம்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் ஓஷேர் எண்களையே உச்சரிப்பதில்லை. முட்டைக் கடையில் விரலைக் காட்டினார். மருத்துவர் வயதைக் கேட்டதற்கு “நேத்து அறுபத்தெட்டு” என்றார். நிசோனோ தேநீர்க் கடைக்காரர், சம்சா சுடுகிறவர், போக்குவரத்துக் காவலர் என்று ஊரில் பாதிப் பேரை ஏவி, “இன்னிக்கு எத்தனை?” என்று கேட்க வைத்தார். கழுதைக்குப் பேச வந்திருந்தால் அதையும் அனுப்பியிருப்பார்.

இருபத்தேழாம் மாலை, ஜெப ஆலய வாசலில் நிசோன் வெகு சாதாரணமாகக் கேட்டார்: “ஆமா மாப்ளே, பதினெட்டு வருஷம் ஓட்டினியே, அந்த பஸ்ஸுக்கு என்ன நம்பர்?”

இருபத்தேழு. ஓஷேரின் வாய் திறந்தேவிட்டது. நாக்கு பல்லில் இடித்து நின்றது.

“இருபத்தாறுக்கு அடுத்த பஸ்ஸு, மச்சான்.”

வாசலில் இருந்த கிழவர்கள் சிரித்த சிரிப்பில் புறாக்கள் புகாரா நகரம்வரைக்கும் பறந்திருக்கும்.

நாற்பத்தெட்டாம் மாலை நிசோன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். ஜெப ஆலயத்தில் எண்ணும் பொறுப்பை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, சூரியன் விழுவதற்கு முன்பே ஓஷேர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பானை; உள்ளே கொத்தமல்லி சேர்த்துப் பச்சை நிறத்தில் வெந்த இறைச்சிச் சோறு. பேசிப் பேசியே மாப்பிள்ளையை மறக்கடிப்பது திட்டம். தாத்தா காலத்து ஒட்டகச் சண்டையில் ஆரம்பித்து, கட்டியவளுக்கும் சொல்லாத கதைகளெல்லாம் வந்தன. நடுவில் ஓஷேர் கோழிகளை அடைத்துவிட்டு வருவதாக எழுந்து போனார். திரும்பி வந்து இன்னொரு தட்டுச் சோறு சாப்பிட்டார். பானை காலியானதும் நிசோன் பாட்டு முணுமுணுத்தபடி கிளம்பினார். மறுநாள் தலையைக் கொடுத்து உட்கார்ந்தவர்களிடமெல்லாம், நாற்பத்தெட்டில் வண்டி கவிழ்ந்த கதையை மாலைவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மாலைதான் கடைசி. நாற்பத்தொன்பது. ஜெப ஆலயம் நிறைந்திருந்தது, மாடத்தில் பெண்கள். நிசோன் முன்னால் போகாமல் ஓஷேரைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார். காது இரண்டும் பீட்ரூட் போலச் சிவந்திருந்தன.

“மாப்ளே, நேத்து நீ எண்ணினியா?”

“எண்ணினேனே. கோழிக்கூட்டுக்கிட்ட.”

நிசோன் தொப்பியைக் கழற்றி மாட்டினார். “நான் எண்ணல. ராத்திரியும் எண்ணல, பகல்லயும் எண்ணல. உன்னையே பாத்துக்கிட்டிருந்ததுல... முப்பத்தாறு வருஷத்துல ஒரு நாள்கூட விட்டதில்ல மாப்ளே. இப்ப நான் எப்படி ஆசி சொல்றது? சொல்லலேன்னா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடுமே.”

பாதி நிசோன். அந்த இரண்டு வார்த்தை ஓஷேரின் நுனிநாக்கில் வெண்ணெய் போல உருகி நின்றது. பதினெட்டுப் பேர் என்ன, முந்நூறு பேர் இருந்தார்கள். மாடத்தில் புலோர் வேறு. குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். ஆனால் எதிரில் நின்ற முகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். நாற்பத்திரண்டு வருடம், எண்ணத் தவறிய ஒவ்வொரு முறையும், தன் வீட்டுக் கண்ணாடியில் பார்த்த முகம். ஏழு வாரமாக வாயைக் கட்டிப் பழகிய நாக்கு, சொல்லாமல் இருப்பதும் தன்னால் ஆகும் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டது.

“நான் முன்னாடி போறேன் மச்சான். உனக்கும் சேத்துச் சொல்றேன். நீ ஆமென் மட்டும் சொல்லு.”

ஓஷேர் முன்னே போய் நின்று, பேருந்தில் நிறுத்தம் அறிவித்த அதே குரலில் ஆசி சொல்லி எண்ணினார். கூரை ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. நிசோனின் ஆமென்தான் எல்லாவற்றிலும் உரத்துக் கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புலோர் அண்ணன் புகழ்தான் பாடினாள்.

“எங்கண்ணன் மனசு யாருக்குங்க வரும்? முப்பத்தாறு வருஷமா நின்ன இடத்தையே உங்களுக்கு விட்டுக்குடுத்துட்டாரு பாருங்க.”

ஓஷேர் வழியோர மரத்திலிருந்து ஒரு முசுக்கொட்டைப் பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டார். அதன்மேல் இன்னொன்று. வாயை அடைக்க மேலும் நாலைந்து.

“என்னங்க, ஒண்ணும் பேசாம வர்றீங்க? நீங்க பேசாம இருந்ததே கிடையாதே.” அவள் நின்று அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பழம் வழிந்த தாடியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பழைய சிரிப்பு. “சரி, இன்னிக்கு எத்தனை? இப்பவாச்சும் வாயத் தொறந்து சொல்லுங்க.”

“நாப்பத்தொம்பது” என்றார் ஓஷேர். ருசியாக இருந்ததால் இன்னொரு தடவை சொன்னார். எதிரில் வந்த சம்சாக்காரரிடம் கேட்காமலே சொன்னார். வீட்டுக்குப் போய்க் கோழிகளிடமும் சொன்னார். மற்ற விஷயத்தை மட்டும் கோழிகளிடம்கூடச் சொல்லவில்லை.