சத்தம் போடாத டயர்

மாத்திரை டப்பாவுக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்களே, அதை முழுதாகப் படிக்கும் ஒரே மனிதன் நான்தான். அதுதான் என் உத்தியோகம். அச்சுக்குப் போகுமுன் பக்கவிளைவுகளில் ஒன்றுகூட விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குமட்டல், வாந்தி, மயக்கம், அரிதாக மரணம். இருபது வருடமாக இதையே படிப்பவன் கார் ஓட்டினால் எப்படி ஓட்டுவான்? ஆக்ஸிலரேட்டரைத் தொட்டாலே பக்கவிளைவுகள் வரிசையாகக் கண்முன் வந்து நிற்கும். என் மச்சான் எனக்கு வைத்த பெயர் ‘இருபது.’ வேகமுள் அதைத் தாண்டாதாம்.

மச்சான் என் மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அந்த இடத்தில் ஒரு வண்டியை வைத்திருந்தான். பழைய, சின்ன, சிவப்புக் கார். உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய இன்ஜின். பெயர் சிவப்பி. ஞாயிறு காலையில் ஊர் எழுந்திருக்குமுன் அதை எடுத்துக்கொண்டு அணைக்கட்டுச் சாலைக்குப் போய்விடுவான். அணை வரைக்கும் வளைவுதான், நேராக ஒரு முழம் கிடையாது.

“நாள் பூரா நேரா மேல, நேரா கீழ. ஞாயித்துக்கிழமையாச்சும் மனுஷன் வளைய வேணாமா அத்தான்?” என்பான்.

முதலில் அவனுடைய பாதம் தடுக்கியது. செருப்பைக் குறை சொன்னோம். பிறகு ஸ்பானர் கையிலிருந்து நழுவியது. டாக்டர் ஒரு பெயர் சொன்னார். பெயர் நீளமாக இருந்தது. நரம்புகள் ஒவ்வொரு தசையாகக் கைவிட்டுக்கொண்டே போகுமாம். மூளை மட்டும் கடைசிவரை விழித்திருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்குமாம். கால், கை, அப்புறம் கழுத்து, அப்புறம் மூச்சு. மருந்து இல்லாமல் இல்லை. அதன் காகிதத்தைத் திருத்தியவனே நான்தான். ‘நோயின் போக்கைச் சற்றே தாமதப்படுத்தலாம்.’ அந்தச் ‘சற்றே’யை முந்திய பிரதியில் விட்டிருந்தார்கள். நான்தான் சிவப்பு மையில் சேர்த்தேன்.

கால் போனதும் மச்சான் எங்கள் வீட்டு முன்னறைக்குக் குடிவந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சிவப்பி தெரியும்படி கட்டிலைப் போடச் சொன்னான்.

ஒரு நாள் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது சொன்னான். “அத்தான், கழுத்து நிக்கிற வரைக்கும்தான் எனக்கு வளைவு. அதுவும் போச்சுன்னா நான் மூட்டைதான். அதுக்குள்ள ஒரே ஒரு வாட்டி அணைக்கட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போங்க. நீங்க ஓட்டுங்க.”

“நானா? கட்டை வண்டியில போற மாதிரி இருக்குமேடா.”

“உங்களை ரேஸா ஓட்டச் சொல்றேன்? போர்டுல போட்ருக்கிற வேகத்துலயே போங்க, போதும். ஆனா வளைவுல பயந்து காலை எடுக்கக் கூடாது. அதுக்கு டயர் பிடிக்கணும். இப்ப இருக்கிறது கல்லாயிடுச்சு. மாத்தணும்.”

“ஒரு கிறுக்குக்கு இன்னொரு கிறுக்கு துணை” என்றாள் என் மனைவி. ஆனால் தம்பியின் கழுத்தைத் துடைத்துவிட்ட கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. கழுத்து எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று பார்க்கிறாள் போல.

அன்றிலிருந்து வீட்டில் டயரைத் தவிர வேறு பேச்சே இல்லை. அவன் விரல்களில் இன்னும் உயிர் இருந்தது இரண்டில்தான். அந்த இரண்டால் போனைத் தள்ளித் தள்ளிப் படித்தான். பெரிய கம்பெனிகளின் டயர்கள் முதல் நாளே கழிந்தன. நான்கு வாங்கும் விலைக்கு இன்னொரு சிவப்பியே வாங்கலாம். “ரெண்டு மட்டும் அந்த மாதிரி வாங்கி முன்னாடி போட்டுட்டா?” என்று கேட்டேன். “ஒரு கால்ல ஷூ, ஒரு கால்ல செருப்பா? சுமாரான டயரா இருந்தாலும் நாலும் ஒண்ணா இருக்கணும் அத்தான்” என்றான். அகலமான டயர் போட்டால் கம்பீரமாக இருக்குமே என்றேன். சக்கரத்தின் அளவுக்கு மீறினால் பக்கச்சுவர் பிதுங்கி வண்டி தொந்தியோடு ஆடும் என்று சொல்லி, என் வயிற்றைப் பார்த்தான்.

கடைசியில் முக்கியம் ஓர் எண்தான் என்று ஆனது. டயரின் பக்கவாட்டில் தேய்மானத்துக்கு ஓர் எண் போட்டிருப்பார்கள். எண் பெரிதானால் ரப்பர் கெட்டி. மெதுவாகத் தேயும், நெடுநாள் வரும், ஆனால் சாலையைக் கவ்விப் பிடிக்காது. எண் சிறிதானால் ரப்பர் மென்மை. கவ்விப் பிடிக்கும், சீக்கிரம் கரைந்துபோகும். யாருக்கும் தெரியாத ஒரு கம்பெனியின் டயரைத் தேடிக் கண்டுபிடித்தான். மலிவு, மென்மை, ஈரத்திலும் பிடிக்கும், எண் இருநூறு. கடைக்குப் போன் போட்டு, நான்கும் இருக்கிறதா என்று என்னை விட்டே கேட்கவைத்தான். இருந்தது.

“சீக்கிரம் கரைஞ்சிடுமே” என்று சும்மா ஒரு வார்த்தை சொன்னேன்.

“நமக்கு எதுக்கு அத்தான் அந்தக் கவலை?” என்றான்.

டயர்க்கடைக்காரர் நல்ல மனிதர். புது ரப்பர் வாசனைக்கு நடுவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அலமாரியில் எங்கள் நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. நான் கைகாட்டியதும் அவர் முகம் யோசனையில் சுருங்கியது.

“தாராளமா எடுத்துக்குங்க சார். கோந்து மாதிரி ஒட்டும். ஆனா ரொம்ப நாள் வராது. வண்டிய எத்தனை வருஷம் வச்சிருக்கப் போறீங்க?”

வேறு உள்ளர்த்தம் எதுவும் இல்லாமல்தான் கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. மாசக்கணக்குதாங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“ரொம்ப வருஷங்க” என்று வந்தது.

சொன்ன பிறகு அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று இப்போது யாருக்கும் விளக்க முடியாது. அந்தக் கடையில், அந்த நிமிஷத்தில், எல்லாருக்கும் ரொம்ப வருஷம் இருந்தது. “நாலஞ்சு வருஷமாச்சும் ஓட்டுவோம். என் மச்சான் வண்டி. அவன் சின்னப் பையன்தானே” என்று மேலும் ஓட்டினேன். வாழ்க்கையில் நான் இருபதைத் தாண்டியது அப்போதுதான்.

“அட, அப்படிச் சொல்லுங்க! அப்ப இதை எடுங்க” என்று பக்கத்து அடுக்கிலிருந்த ஒன்றைத் தட்டினார் கடைக்காரர். “இதுவும் நம்ம விலைதான். எண் ஐநூத்தி அறுபது. உங்க மச்சானுக்குப் பையன் பொறந்து, அவன் வண்டி ஓட்டப் பழகுற வரைக்கும் வரும்.”

அந்த வார்த்தைக்கு மேல் நான் எப்படி மறுப்பேன்? மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலிலிருந்து குரல். “எண் பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்டா.” பார்த்தது உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை அவனைத் தூக்கி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து, கழுத்தைச் சுற்றிச் சால்வை சுருட்டி, பெல்ட் போட்டுவிட்டாள் என் மனைவி. “மெதுவா” என்று என்னிடம் சொன்னாள். “வேகமா” என்றான் அவன். முதல் வளைவு பெரிது, சாதுவானது, ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் அவன் சொன்னபடி காலை எடுக்காமல் திருப்பினேன். டயர் ‘கீஈஈ’ என்று ஊளையிட்டது. நான் ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், சிவப்பியின் மூக்கு தன்பாட்டில் நேராகப் போகிறது. பிரேக்கை மிதித்து, தடுப்புக் கம்பிக்கு ஒரு முழம் முன்னால் ஓரங்கட்டினேன்.

இன்ஜினை அணைத்தேன். அவன் கொஞ்சமும் பதறவில்லை. காதைக் கூர்மையாக்கிக்கொண்டு எதையோ யோசித்தான்.

“எறங்கி அந்த எண்ணைப் படிங்க அத்தான். படிக்கிறதுலதான் நீங்க பெரிய ஆளாச்சே.”

இறங்கவில்லை. “ஐநூத்தி அறுபது.”

“நான் சொன்னது இல்லன்னுட்டானா?”

“இருந்துச்சு. நாலும் இருந்துச்சு.”

அணைக்கட்டுப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. அவன் என் பக்கம் திரும்ப முயன்றான்; கண் மட்டும்தான் திரும்பியது.

“ஆயுசை எனக்கு வாங்க முடியலன்னு டயருக்கு வாங்கிட்டு வந்துட்டீங்களா?”

சிரித்தான். அவனுடைய சிரிப்பில் அப்போதே காற்று குறைந்திருந்தது. பிறகு சிரிப்பு நின்றது. “இது எனக்கப்புறமும் ஓடும். நீங்களும் அக்காவும் இதுல காய் வாங்கப் போவீங்க. போங்க, நல்லா இருங்க. ஆனா இது எனக்காக வாங்கின டயர் இல்ல அத்தான். உங்களுக்காக வாங்கினது.”

அங்கேயே வண்டியைத் திருப்பினேன். சிவப்பி இருபதில் வந்தது.

மறுநாள் கடை திறக்குமுன்பே வாசலில் போய் நின்றேன். கடைக்காரர் மாட்டிய நான்கையும் வாங்கிய விலைக்கே எடுத்துக்கொள்வதாகப் பெருந்தன்மையாகச் சொன்னார். ஆனால் அலமாரியில் எங்கள் அடுக்கு இருந்த இடம் காலியாக இருந்தது. சனிக்கிழமை மாலையே போய்விட்டதாம். அந்த ரகம் அபூர்வம், சொல்லி வரவழைக்க வேண்டும் என்றார். “என்ன சார் அவசரம்? ரொம்ப வருஷம் ஓட்டப்போற வண்டிதானே?”

காத்திருந்தோம். நான் தினமும் கடைக்குப் போன் செய்தேன். மச்சான் என்னிடம் கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இருபதுல ஓட்டுற ஆளு, இருநூறு வாங்கச் சொன்னா ஐநூத்துக்குப் பாயுறாரு” என்று அக்காவிடம் கிண்டல்தான் செய்துகொண்டிருந்தான். கிண்டலில் இருந்த சொற்கள் நாளுக்கு நாள் குழறின.

ஒரு காலையில் பல் தேய்த்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் தலை முன்னால் சரிந்து மார்பில் விழுந்தது. நிமிர்த்தினேன். மறுபடியும் சரிந்தது. இரண்டு உள்ளங்கையிலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஸ்க்ரூ... கழண்டுடுச்சு... அத்தான்” என்றான் மெக்கானிக்.

என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. உள்ளே போய்த் தலையணைகளை எடுத்து வந்தாள். அவனுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி அம்மா ஒரு கழுத்துப்பட்டையைக் கொண்டுவந்து மாட்டினார். இனிமேல் பயணம் என்றால் ஆஸ்பத்திரிக்கு, அதுவும் படுத்தபடி என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். தனியாக என்றால் வாசலில், ஜன்னல் திறந்திருந்தது.

அந்த வாரமே கடைக்காரர் போன் செய்தார். “சார், உங்க டயர் வந்துடுச்சு!” வேண்டாம் என்று சொல்லப்போனேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது. அதை என் மனைவிதான் புரிந்துகொண்டு சொன்னாள். “மாட்டச் சொல்றான்.”

“எதுக்குடா இப்ப?”

அவன் சொல்லச் சொல்ல அவள் எடுத்துச் சொன்னாள். “நீங்க போவீங்களாம். போனை ஸ்பீக்கர்ல போட்டு அவன் சீட்ல வைக்கணுமாம். அவன் இங்கேருந்து கேப்பானாம்.” கொஞ்சம் நிறுத்தி, “போனுக்கு பெல்ட் போடணுமாம்” என்றாள்.

போட்டேன். போனுக்கு எதற்கு பெல்ட் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருந்தால் சத்தியமாக அவரோடு சண்டை போட்டிருப்பேன்.

முதல் வளைவு. இரண்டாவது. சிவப்பி வேறு வண்டியாகிவிட்டிருந்தது. நான் நினைத்த இடத்துக்கு, நான் நினைக்குமுன் போனது. சாலையை யாரோ உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பயந்துபோய்க் காலை எடுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அவன் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாக எதற்காக இங்கே வந்தான் என்று என் முதுகுக்குப் புரிந்தது. 

“அத்தான்” என்றது போன். “வாசல்லயா... நிக்கிறீங்க?”

“மூணாவது வளைவுடா!”

“ஒண்ணும்... கேக்கல.”

அப்போதுதான் உறைத்தது. கெட்ட டயர்தான் கத்தும். அவன் தேடித் தேடிக் கண்டுபிடித்தது சத்தம் போடாத டயர். நாலாவது வளைவை இன்னும் அழுத்திப் பிடித்தேன். போர்டில் போட்டிருந்த வேகத்தை என் ஆயுளில் முதல்முறையாகத் தொட்டேன். இன்ஜின் இரைந்தது, காற்று இரைந்தது. டயர் வாயைத் திறக்கவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. கொடுத்த வேலையை அவ்வளவு அழகாகச் செய்துகொண்டிருந்தது.

“நல்லா பிடிக்குதுடா. சொன்ன மாதிரியே பிடிக்குது” என்றேன்.

“ம்.”

அந்த ‘ம்’மை என்னால் தாங்க முடியவில்லை. ஐந்தாவது வளைவில் போன் பக்கம் தலையைச் சாய்த்து, வாயாலேயே “கீஈஈஈ” என்று கத்தினேன்.



“அது... பழைய... டயரு” என்றான்.

பிறகு, “இன்னொரு... வாட்டி.”

இன்னொரு முறை கத்தினேன். சிரித்தான் போலிருக்கிறது; சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் நிற்காமல் போய், எதுவோ கீழே விழுந்து, என் மனைவியின் குரல் கேட்டது. “போதும். வந்துடுங்க.” போன் அணைந்தது.

மூன்றாவது வளைவுக்கு மேல் அந்தச் சாலையில் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. அணை வரைக்கும் போய்த்தான் திரும்ப வேண்டும். மிச்ச வளைவுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கடந்து மேலே போனேன். பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டபடி போன் கறுத்துக் கிடந்தது. டயர் எங்கேயும் சத்தம் போடவில்லை. இருபதில் எந்த டயரும் சத்தம் போடாது.