உவர்நீர்த் தோட்டத்துத் தே

கார்த்திகேசுவின் பெயருக்கு முன்னால் டத்தோ என்ற அரசுப் பட்டம் வந்து உட்கார இன்னும் ஒரே ஒரு கீரைப் பாத்திதான் பாக்கி. பிரிக்பீல்ட்ஸில், சேலைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சங்க அலுவலகத்தில் தலைவர் நாற்காலியில் சாய்ந்தபடி அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். தொகுதியின் மக்கள் பிரதிநிதியான வைபி வருவார், பாத்தியைப் பார்த்து அசந்து போவார், பட்டத்துக்குப் பெயரைப் பரிந்துரைப்பார்.

பாத்தி இருந்தது கிள்ளானில், அவர் வீட்டுப் பின்புறம். வேலிக்கு அந்தப் பக்கம், கடல் பொங்கும்போதெல்லாம் உப்பு ஏறுகிற கால்வாய். அடிக்கடி குழாய் வறண்டு போகிற ஊரில் செடிக்கு எதற்கு நல்ல தண்ணீர்? உவர்நீரிலேயே கீரை வளர்த்துக் காட்டுகிறேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் அறிவித்தார். கால்வாய்த் தண்ணீரை ஊற்றியதும் கீரை நுனி கருகி, மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையைத் தொங்கப்போட்டது.

கீரை செத்தால் என்ன, செய்தி வந்துவிட்டதே. புது விதை தூவினார். பெரிய நீலத் தொட்டி ஒன்று வாங்கி, 'உவர்நீர், குடிக்காதீர்' என்று மூன்று மொழிகளில் எழுதி ஒட்டினார். அதில் குழாய்த் தண்ணீரை நிரப்பினார். கீரை தளதளவென்று வந்தது. விஷயம் தெரிந்தவர் மனைவி நல்லம்மாள் ஒருவர்தான். "உங்க உப்பு நல்லா இனிக்குதுங்க" என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

வைபி வருகிற அன்று பார்த்து ஊர் முழுக்கத் தண்ணீர்த் தடை. ஆனாலும் பந்தல், மாலை, பொன்னாடை எதிலும் குறையில்லை. உலகப் பசியைத் தீர்ப்பது பற்றித் தலைவர் பேசி முடிப்பதற்குள் பொன்னாடைக்குள் வைபிக்கு வியர்த்துக் கொட்டியது.

"தலைவரே, ஒரு தே கிடைக்குமா?"

தேநீருக்காகக் கார்த்திகேசு சமையலறைக்கு ஓடினார்.

"குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. வாளியில பிடிச்சு வச்சது காலையில உங்க குளியலுக்கே போச்சு," என்றார் நல்லம்மாள். "பாட்டில் தண்ணி ஜெய்னுதீன் பாய் கடையிலயும் முடிஞ்சிடுச்சாம்."

தலைவர் எதையும் தாங்குவார்; 'அந்த வீட்டில் ஒரு தே கூடக் கொடுக்கவில்லை' என்ற பேச்சைத் தாங்கமாட்டார். குரலைத் தாழ்த்தினார். "தொட்டியில மோந்துக்கோ. யாரும் பாக்காமப் போ."

தே வந்தது. வைபி குடித்தார், இன்னொன்று கேட்டார். அதற்கும் தண்ணீர் மோக்க நல்லம்மாள் போனபோது வைபியின் கண்ணும் கூடவே போனது. தொட்டியில் ஒட்டியிருந்ததை அவர் வாய்விட்டுப் படித்தார்.

"உப்புத் தண்ணியிலயா தே போட்டீங்க?"

கார்த்திகேசு பாத்தியைக் கையால் காட்டினார்.

"ஆமா வைபி," என்றார் கார்த்திகேசு. "பாத்தியில ஊத்துற உப்பையெல்லாம் கீரை இழுத்துக்கிடும். வடிஞ்சு தொட்டிக்கு வர்றது நல்ல தண்ணி." சொன்ன பிறகு அவருக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது.

வைபி எழுந்து நின்று கைதட்டினார். "பிரமாதம்! அடுத்த வாரம் பெரிய அதிகாரிங்களோட வரேன். அவங்க கண்ணு முன்னால கால்வாய்த் தண்ணிய ஊத்திக் காட்டுங்க. இப்ப இந்தத் தண்ணிய எல்லாரும் பிடிச்சுக்கட்டும்!"

வரிசையில் முதல் வாளி ஜெய்னுதீனுடையது. "உங்கள என்னமோன்னு நெனச்சேன் தலைவரே," என்று ஒரு கை அள்ளிக் குடித்தார். "உப்பே தெரியல லா!" சாயங்காலம் தொட்டியைத் தட்டினால் டங்கென்றது.

அடுத்த வாரத்தை நினைத்துக் கார்த்திகேசு கால்வாய்த் தண்ணீரைத் தாமே மொண்டு ஊற்றினார். இந்தத் தடவை கீரை மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, நேராகப் படுத்துவிட்டது. கால்வாய் ஓரத்தில் மட்டும், களை என்று அவர் பலமுறை பிடுங்கி எறிந்த கொடி ஒன்று, தடித்த இலைகளோடு உப்பைக் குடித்துக் கொழுத்துக் கிடந்தது.

நல்லம்மாள் ஒரு இலையைக் கிள்ளி மென்றார். "பரவாயில்லீங்க. வதக்கினா உப்பே போட வேணாம்."

அதிகாரிகள் வருவதற்கு முந்தின நாள், 'தலைவர் கார்த்திகேசுவின் சாதனை' என்ற பலகையை அவர் பாத்தியிலிருந்து பிடுங்கி, அந்தக் கொடியின் முன்னால் நட்டார்.

"ஏங்க, இதுக்கு என்ன பேருன்னு கேப்பாங்களே?"

அவர் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"டத்தோ கீரைன்னு சொல்லிடுங்க," என்றார் நல்லம்மாள். "உழைச்சது அதுதானே."

பலகை கொஞ்சம் சாய்ந்திருந்தது. கார்த்திகேசு குனிந்து அதை நிமிர்த்தினார்.