விரிப்பின் நான்கு மூலைகள்

"மாமி, உங்கட இடத்தை எனக்குத் தருவியளே?"

றொஷானி இதைக் கேட்டது பல வருடங்களுக்கு முன்பு. ஹொட்டேலின் நிலக்கீழ் அறையில் இருவரும் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தபோது. அவளுக்கு அப்போதுதான் கல்யாண எழுத்து முடிந்திருந்தது. மன்னாரில் இருந்த கணவன் அல்பேர்ட்டை நோர்வேக்குக் கூப்பிடுவதென்றால் நிரந்தர வேலை காட்டவேண்டும்.

அண்ணன் மகளிடம் நேசமணி மறுகேள்வி கேட்கவில்லை. தன் நிரந்தர வேலையிலிருந்து விலகி, அந்த இடத்துக்கு றொஷானியை எடுக்கும்படி அப்போதிருந்த மேலாளரிடம் சொன்னாள். அங்கே வேலை செய்த தமிழருக்குள் இப்படி இடம் விட்டுக்கொடுப்பது புதிதல்ல. பிறகு ஆள் குறைந்தால் கூப்பிடும் உதவியாளாக அதே அறைக்குத் திரும்பி வந்தாள். அநேகமாக எல்லா நாளும் கூப்பிட்டார்கள். அதனால் வித்தியாசம் தெரியவில்லை.

அல்பேர்ட் வந்ததும் இடத்தைத் திருப்பித் தருவதாகப் பேச்சு. அல்பேர்ட் வந்தான். பிள்ளைகள் பிறந்தார்கள். ஸ்டோவ்னரில் வீடு வாங்கினார்கள். நேசமணி கேட்கவில்லை. சொந்தத்துக்குள் அதைக் கேட்கிற வழக்கம் இல்லை.

இப்போது அந்த ஹொட்டேலை இடிக்கப் போகிறார்கள். ஒஸ்லோவின் நடுவில், ரயில் நிலையத்துக்குக் கிட்டவான நிலம். கீழே புதிய ஹொட்டேலும் மேலே அடுக்குவீடுகளும் வருகின்றன. அன்று காலை புதிய மேலாளரான இளம்பெண் எல்லோரையும் சாப்பாட்டு மண்டபத்தில் இருத்திக் கதைத்தாள். லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் அவர்களின் மற்ற ஹொட்டேலில் துப்புரவுக்கு ஒருவருக்கு மட்டும் இடம் இருக்கிறது. நிரந்தர வேலையில் கூடிய காலம் இருப்பவர் றொஷானி, அதனால் இடம் அவளுக்கு. உதவியாட்களை இனிக் கூப்பிடமாட்டார்கள். யாருக்காவது ஏதும் சொல்ல இருக்கிறதா என்று மேலாளர் கேட்டாள்.

நேசமணி றொஷானியைப் பார்த்தாள். றொஷானி கோப்பிக்குள் கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவள் கோப்பிக்குச் சீனி போடுவதில்லை.

மத்தியானம் இருவரும் கீழே போய், லில்லெஸ்ட்ரோமுக்கு அனுப்பும் விரிப்புகளை மடித்தார்கள். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, இழுத்து உதறி, நடந்து வந்து சேர்ந்தார்கள். எப்போதும் போல றொஷானி தன் மூலைகளை நேசமணியின் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து கீழ்மடிப்பை எடுத்தாள்.

"மேல வாற வீடுகளுக்கு ஆர் கட்டில் விரிக்கிறது?" என்றாள் நேசமணி.

"வாங்கினவைதான் மாமி."

"அப்ப கசங்கித்தான் கிடக்கும்."

றொஷானி சிரித்தாள். இன்னும் இரண்டு விரிப்பு மடித்தார்கள்.

"அல்பேர்ட்டுக்கும் இப்ப வேலையில்லை. உங்களுக்குத் தெரியும்தானே."

"ஓம்."

"நான் கதைச்சிருந்தாலும் அவை மாத்தியிருக்க மாட்டினம்."

"மாட்டினம்தான்."

"பிறகென்ன மாமி?"

நேசமணி விரிப்பின் ஓரத்தைப் பெருவிரலால் நீவினாள். ஓய்வூதியத்துக்கு அவளுக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. வெஸ்ட்லியில் அவள் இருப்பது வாடகை வீடு.

"எண்டாலும், உது மாமியின்ர இடம் எண்டு ஒருக்காச் சொல்லியிருக்கலாம்."

தெருமட்டத்தில் இருந்த சின்ன ஜன்னலுக்கு வெளியே ஆட்களின் சப்பாத்துகள் அங்குமிங்கும் நடந்தன. கட்டடத்தின் முகப்பு முழுவதையும் மூடி, வரப்போகும் வீடுகளின் விளம்பரப் படத்தைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு வரும்போது நேசமணி அது நிலத்தில் விரிந்து கிடந்ததைப் பார்த்திருந்தாள். கடல் தெரியும் அறை, பெரிய கட்டில், சுருக்கமே இல்லாத வெள்ளை விரிப்பு. படத்தின் கீழ்ப்பக்கம் ஜன்னலை மறைத்து இறங்கியது. அறை இருண்டது. நேசமணி போய் விளக்கைப் போட்டாள்.

கடைசி விரிப்பு. இழுத்து உதறி, நடந்து வந்து சேர்ந்தார்கள். றொஷானி தன் இரண்டு மூலைகளையும் நேசமணியின் கையில் வைத்தாள். கீழ்மடிப்பை எடுக்கக் குனியவில்லை. கொழுவியில் இருந்த ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள்.