ஏழு வெள்ளிக்கிழமைக்கு ஒரு சுவர்

இசக்கியப்பன் கொத்தனார் கரண்டியின் பிடியால் சுவர்களைத் தட்டிக்கொண்டே போனார். நடுவீட்டில் தட்டினார், அடுப்படியில் தட்டினார், உள்ளறையில் கட்டில் கிடந்த இடத்தில் குனிந்து தட்டினார். தட்டிய இடத்திலெல்லாம் பொத் பொத்தென்று சத்தம் வந்தது. இரண்டு இடத்தில் பூச்சு கையோடு பெயர்ந்து வந்துவிட்டது. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஒரு பழுப்புக் கோடு வீடு முழுக்கச் சுற்றி ஓடியது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த எதுவும் இனி தேறாது என்பது அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே இஷ்ரத்துக்குத் தெரிந்துவிட்டது. பூச்சை மொத்தமாகக் கொத்தி எடுக்கவேண்டும். தரை உள்வாங்கிவிட்டதால் டைல்ஸைப் பெயர்த்து மண் போட்டு இறுக்கவேண்டும். கதவுகள் உப்பிவிட்டன, வயரிங் புதிதாக இழுக்கவேண்டும். எல்லாம் சேர்த்து நாலரை லட்சம் என்றார். சொல்லிவிட்டு, ஏதோ அவரே வாய்க்காலை உடைத்து வெள்ளத்தை உள்ளே விட்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு செவரு மட்டும் பூசிப் பெயின்ட் அடிக்க என்ன அண்ணாச்சி ஆவும்?" என்று இஷ்ரத் கேட்டாள்.

"ஒரு செவரா?"

"இந்தா, இது மட்டும்." நடுவீட்டில் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த ஆறடிச் சுவரைக் காட்டினாள்.

"எம்மா, செவரு நல்லாத் தண்ணி குடிச்சிருக்கு. காயாமப் பெயின்ட் அடிச்சா பொக்களம் பொக்களமாக் கெளம்பிரும். சித்திர வெயிலு அடிக்கட்டும், பைய செய்வோம்."

"ஏழு வெள்ளிக்கிழம தாங்குமா?"

முப்பது வருடமாகச் சுவர் பூசுகிறவர் அவர். பத்து வருடம் தாங்குமா, இருபது வருடம் தாங்குமா என்று கேட்டவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமைக் கணக்கில் கேட்டது இவள் ஒருத்திதான். அவளை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் ஆறாயிரம் ஆகும் என்றார். வெள்ள நிவாரணமாக ரேஷன் கடையில் கொடுத்த பணமும் சரியாக ஆறாயிரம்தான்.

வெள்ளிக்கிழமைதான் அவள் புருசன் யாசர் வீடியோவில் வருவான். தம்மாமில் ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் மெக்கானிக். அங்கே ஜும்மா முடிந்து அவன் அறைக்குத் திரும்பும்போது மேலப்பாளையத்தில் மணி நாலாகியிருக்கும். கல்யாணமாகிப் பதினாறு வருடம். அவன் வந்து போன லீவுகளையெல்லாம் கூட்டினால் இருவரும் ஒரு கூரையின் கீழ் இருந்தது இரண்டு வருடம்கூடத் தேறாது. மகள் ஹம்னா நடக்கப் பழகியது, பல் விழுந்தது, பத்தாம் வகுப்புக்குப் போனது எல்லாமே அவனுக்குப் போனில் பார்த்த சமாச்சாரங்கள். இந்த வருடம் போதும் என்று முடிவெடுத்து, ஒரேயடியாக ஊருக்குத் திரும்பக் கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டான். பிப்ரவரி இருபதாம் தேதி டிக்கெட். சந்தை முக்கில் ஒரு பேன்ஸி கடை வைப்பதற்காக ஐந்து லட்சம் சேர்த்து வங்கியில் போட்டிருந்தார்கள். அந்தப் பணம் கடைக்குப் போனால் அவன் வருவான், வீட்டுக்குப் போனால் அவன் அங்கேயே இருப்பான். இதைக் கணக்குப் பார்க்க இஷ்ரத்துக்குக் காகிதமும் பென்சிலும் தேவைப்படவில்லை.

பொய் சொல்லவேண்டும் என்று அவள் திட்டம் போட்டவள் இல்லை. டிசம்பர் மழையில் பாளையங்கால்வாய் பெருகித் தெருவுக்குள் வந்தபோது, தாயும் மகளும் உடுத்த துணியோடு பக்கத்து மாடிவீட்டில் ஏறி நின்றார்கள். கரண்ட் போயிற்று, டவர் போயிற்று. நாலாம் நாள்தான் போன் மணி அடித்தது. எடுத்த எடுப்பில் அந்தப் பக்கம் யாசர் அழுதான். பதினாறு வருடத்தில் அவன் அழுது அவள் கேட்டதில்லை. அவன் அழுகையை நிறுத்தினால் போதும் என்று நாக்கு முந்திக்கொண்டது. "ஒண்ணுமில்ல மச்சான், தண்ணி வாசப்படியோட நின்னுட்டு" என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். பிறகு யோசித்துப் பார்த்தபோது அந்தப் பொய் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆள் வந்து சேரட்டும், உடைந்த வீட்டில் இரண்டு பேருமாக உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம், மாதம் ஒரு சுவராகக் கட்டிக்கொள்ளலாம். இரண்டு வெள்ளிக்கிழமை நெட் சரியில்லை என்று சொல்லிப் படம் காட்டாமல் ஓட்டினாள். மூன்றாவது வெள்ளிக்கு வெளிர்பச்சைச் சுவர் தயாராக இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஒரு நாடகம்தான். மூன்றரை மணிக்கே ஹம்னா பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவருக்கு நடுவில் போடுவாள். எதிரே ஸ்டூலில் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்துவைத்து, குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். அலமாரியின் உப்பிய கதவு தெரியக்கூடாது, ஜன்னலுக்குக் கீழே சிமெண்டு உதிர்ந்த இடம் தெரியக்கூடாது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சுடிதாரைப் புதிது என்று சொல்லுவாள் இஷ்ரத். போனில் வாடை போகாதது நல்லதாய்ப் போயிற்று. எத்தனை பினாயில் ஊற்றிக் கழுவினாலும் அந்தச் சேற்று வாடை வீட்டை விட்டுப் போவேனா என்றது. பேசி முடித்து போனை வைத்ததும் அந்த ஆறடிச் சுவரைத் தவிர மற்றதெல்லாம் மறுபடி கண்ணில் படும். அப்போது அவளுக்கு அழுகை வரும். பொய்க்காக இல்லை, பத்து வருடம் கழித்துப் பிறந்தவீட்டுக்குப் போகிறவளைப் போல இப்படி ஏங்குகிறோமே என்பதற்காக. நாற்பது வயதில் புருசன்மேல் இவ்வளவு ஆசை இருப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"வாப்பா வந்து பாத்தா ஏசமாட்டாங்களா?" என்று ஹம்னா ஒருநாள் கேட்டாள்.

"ஏசட்டும். இங்கன நின்னு ஏசட்டும்" என்றாள் இஷ்ரத்.

கொத்தனார் ஏழு வெள்ளிக்கு உத்தரவாதம் தரவில்லை, சுவரும் தரவில்லை. பூசி நாலாவது வாரம் பெயின்டில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம் கிளம்பியது. தலையால் மறைத்துக்கொள்ளலாம் என்று நாற்காலியை நகர்த்திப் போட்டாள். ஐந்தாவது வெள்ளி, அது உள்ளங்கை அளவாகிவிட்டது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு. முக்காட்டை அகலமாக விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பேசும்போது யாசர் பார்வை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் தலையைச் சாய்த்தாள். போனுக்குப் பின்னால் நின்ற ஹம்னா இடது பக்கம், வலது பக்கம் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தாள்.

"தலைய ஆட்டாத இஷ்ரத்" என்றான் யாசர். "கழுத்து சுளுக்கிக்கிடும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள்.

"போன வாரமே பாத்துட்டேன். அதுக்கு முன்னாலயே தெரியும். முஹ்சினோட தம்பி நம்ம தெருவ வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான். நம்ம வாசக்கதவுல பாதி தண்ணிக்குள்ள நிக்கி." முஹ்சின் இதே தெருக்காரன், யாசரோடு ஒரே அறையில் இருக்கிறவன். "நீயாச் சொல்லுவன்னு வாராவாரம் பாத்துக்கிட்டிருந்தேன்."

ஹம்னாவின் கை அந்தரத்தில் நின்றது. ஐந்து வாரமாக இரண்டு பேரும் தெரிந்துகொண்டே கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து சாப்பாட்டைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள்.

"சொன்னா நீங்க வரமாட்டீங்களே மச்சான்" என்றாள்.

"வீட்டக் காட்டு" என்றான் யாசர்.

அவள் போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இந்த வீட்டை அவன் போனில்தான் கட்டினான். டைல்ஸ் கடையில் நின்று அவள் ஒவ்வொன்றாகக் காட்ட, அங்கிருந்தபடியே அவன் இதை எடு, அதை விடு என்று சொன்னான். இப்போது அதே டைல்ஸ் கிணறுபோல் உள்ளே இறங்கிக் கிடப்பதைக் காட்டினாள். அடுப்படியில் மேடை விரிசல் விட்டிருந்ததைக் காட்டினாள். உள்ளறையில் கட்டில் இல்லை. ஊறிப் பிளந்ததை வாசலில் போட, யாரோ விறகுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். "அது வேங்கைக் கதவுல்லா?" என்று மட்டும் ஒரு இடத்தில் கேட்டான். அந்தக் கதவுக்காக ஒரு ரமலான் முழுக்க இரண்டு ஷிப்டு பார்த்தவன். திரை முழுக்க அவன் முகம் தெரிந்தது. தாடியில் நரை இவ்வளவு ஏறியிருப்பதை அவள் அன்றைக்குத்தான் கவனித்தாள்.

இன்னும் சரியாகப் பார்க்கவேண்டும் என்று எழுந்தானோ என்னவோ, அவன் கையில் இருந்த போன் சரிந்தது. அவனுக்குப் பின்னால் கட்டில் தெரிந்தது. கட்டிலின்மேல் பிரித்துப் போர்த்திய ஒரு கம்பளி சுருண்டு கிடந்தது. மெரூன் நிறம், பெரிய பெரிய ரோஜாப்பூ. ஜிப் வைத்த கண்ணாடிப் பையில் மடித்து வருகிற கம்பளி. ஊருக்குக் கிளம்புகிறவர்கள் கடைசியாக வாங்குவது அதைத்தான். அந்தப் பையை யாரும் அங்கே பிரிக்கமாட்டார்கள். ஊரில் வந்து, வீட்டுக்காரி கையால்தான் ஜிப்பை இழுக்கவேண்டும். மேலப்பாளையத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

இஷ்ரத் நடப்பதை நிறுத்திவிட்டாள். ஹம்னா எட்டிப் பார்த்துவிட்டு உம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன வருசம்?" என்று இஷ்ரத் கேட்டாள்.

"ரெண்டு" என்றான். "ரெண்டே ரெண்டு. எழுதிக் குடுத்தத திரும்ப வாங்கிட்டேன். கடப் பணத்த எடுத்து வேலைய ஆரம்பி. கட்டிலு, சாமானுக்குக் கம்பெனில அட்வான்ஸ் தாரேன்னுருக்கான்."

வேண்டாம், இந்த ஈரத்திலேயே கிடக்கிறேன், வாங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது.

"அங்கன குளிருதா மச்சான்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அவள் எதைப் பார்க்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. கையைப் பின்னால் விட்டு அந்தக் கம்பளியைப் படத்துக்கு வெளியே தள்ளப் பார்த்தான். இரண்டு ஆள் போர்த்துகிற கம்பளி அது. ஒரு பக்கம் தள்ளத் தள்ள, மறுபக்கம் சரிந்து அவன் தோளுக்குப் பின்னால் வந்து விழுந்துகொண்டே இருந்தது.