டீசல் இல்லாத காலம்

“ஒண்டும் பேசாதீங்கோ மகள். மூச்ச மட்டும் விடுங்கோ, உம்மா கேக்கிறேன்.”

வெள்ளவத்தையில் எட்டு வயது றுஷ்னா போனை நெஞ்சில் வைத்து மூச்சு விட்டாள். கொட்டாஞ்சேனையில் ஹமீமா ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதால் கேட்டாள். இழுப்பு இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றாள், சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பிள்ளை சுகமாயிருப்பதற்கு அழுகிற தாயை என்னவென்று சொல்வது! ஆனால் அந்தச் சுகம் பெற்றவள் வீட்டில் வராமல் தங்கை வீட்டில் அல்லவா வந்திருக்கிறது.

ஹமீமாவின் வாசலுக்கு நேர் எதிரே ஒரு பெரிய ஸ்டோர்ஸ், சரக்குக் கிடங்கு. துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிய லொறிகள் கேட் திறக்கு முன்பே வந்து அந்த ஒழுங்கைச் சந்து முழுக்க நிற்கும். முந்தி வந்தவனுக்கு முந்தி இறக்குவார்கள். முன் வண்டி ஒரு முழம் நகர்ந்தால் பின் வண்டியும் நகர்ந்தாக வேண்டும், அசந்தால் இடம் போய்விடும். ஆகவே எவனும் இஞ்சினை நிறுத்துவதில்லை. கக்குகிற புகை முழுக்க வீட்டுக்குள்தான். கொடியில் காயும் வெள்ளைச் சீருடை மாலையில் சாம்பல் நிறம். றுஷ்னாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கினால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். புகையையும் பிள்ளையையும் பிரித்து வையுங்கள் என்றார் டொக்டர். புகையா போகும்? பிள்ளைதான் போனாள், கடற்காற்று வீசும் ஷிம்னா சாச்சியின் பிளாட்டுக்கு.

ஹமீமாவுக்கு ஓர் ஏக்கம் இருந்தது. வெளியே சொன்னால் செருப்பால் அடிப்பார்கள். நாடே டீசலுக்குப் போலிமில், நீள வரிசையில், நின்று காய்ந்ததே, அந்த வருஷத்துக்காகத்தான் அவள் ஏங்கினாள். கேஸ் இல்லை, பால்மா இல்லை, கரண்ட் இல்லை. லொறியும் இல்லை! ஊர் முழுக்க வயிறெரிந்து ஏசிக்கொண்டிருக்க, றுஷ்னா இந்த ஒழுங்கையில் ஓடிப்பிடித்து விளையாடினாள். மூச்சுக்கு அடிக்கும் பம்ப் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. யா அல்லாஹ், அந்தக் கேடுகெட்ட காலத்தை ஒருதரம் திருப்பித் தரமாட்டாயா என்று தொழுகைப் பாயில் கேட்கப் போய், நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கேளாமல் விட்டதற்குக் கூலி போலத்தான் அந்த யோசனை வந்தது. எழுந்து நேரே ஸ்டோர்ஸ் மனேஜர் சவுந்தரநாயகத்திடம் போனாள். “மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறன் தங்கச்சி” என்று, கேட்டை வேறு பக்கம் மாற்றச் சொல்லிப் போனவளை எத்தனையோ தரம் திருப்பி அனுப்பிய யாழ்ப்பாணத்து மனிதர்.

“சேர், கேட்ட மாத்துங்கோண்டு நான் இனிக் கேக்கல்ல. இந்தப் போலிம இல்லாமச் செய்ங்கோ. அந்த நாள் டீசல் அடிக்கிற எண்ணெய் ஷெட்டுல டோக்கன் தந்தாங்களே, அது மாதிரி நீங்களும் குடுங்கோ. நம்பர் வந்தா கோல் பண்ணுங்கோ. அதுவரைக்கும் லொறியெல்லாம் போர்ட் பக்கம் யார்ட்டுல இஞ்சின நிப்பாட்டிப் போட்டு ஈக்கட்டும்.”

“சொல்லுறது லேசு. றைவர்மார் கேக்கவேணுமே?”

பில்லில் கையெழுத்து வாங்க நின்ற ஜெயகுமார் திரும்பினார். ஹட்டன்காரர், அந்த வரிசையில் பழைய ஓட்டுநர். “ஏன் சார் கேக்க மாட்டோம்? எடம் போயிருமேன்னுதானே இஞ்சின ஓட விடுறோம். டோக்கன் இருந்தா மரத்தடியில ஒரு தூக்கம் போடுவோம்ல? அந்தப் பொகைய நாங்களும்தான் தின்னுறோம்.”

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். டோக்கன் வந்தது. மனேஜர் என்ற இந்த அம்மி நகர்ந்தது மட்டுமல்ல, நகர்த்தியதே தான்தான் என்று பெருமையும் பேசித் திரிந்தது. போகட்டும். ஒழுங்கையில் இப்போது ஒன்றோ இரண்டோ லொறிதான். கறுப்பு முழுதாக ஒழியவில்லை. ஆனாலும் ஜன்னல் கம்பியைத் துடைத்தால் மறுநாளும் கம்பி கம்பியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஷிம்னா பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுப் போனாள். ஹமீமா இடியப்பப் புரியாணி செய்தாள். கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள். இனி இங்கேதான் என்று வாயால் சொல்லவில்லை. கண் பட்டுவிடுமோ என்ற பயம். றுஷ்னா வெளியே ஓடினாள், கத்தினாள், வேர்த்து விறுவிறுத்து வந்து தண்ணீர் குடித்தாள். ஹமீமா குனிந்து அந்த நெஞ்சில் காதை வைத்தாள். போனில் கேட்டதைவிடத் தெளிவான மூச்சு. அப்படியே அணைத்துக்கொண்டாள். இத்தனை நாள் ஏங்கியது இதற்குத்தான், இந்தச் சூட்டுக்குத்தான்.

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லிச் சற்று நேரத்தில் றுஷ்னா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“உம்மா, இருட்டி மஃரிப் ஆக முந்தி ஊட்டுக்குப் போவோணும். சாச்சி பாத்துக்கொண்டு ஈப்பா.”

எந்த ஊட்டுக்கு மகள்? கேட்கத்தான் போனாள் ஹமீமா. பிள்ளையின் முகத்தில் கள்ளம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிறவள் சொல்வதைப் போலத்தான் சொன்னாள். ஹமீமா அவள் கையிலிருந்த செருப்பை வாங்கிக்கொண்டாள்.

படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள் றுஷ்னா. ஹமீமா குந்தியிருந்து வாரை இழுத்து, எப்போதும் மாட்டும் ஓட்டையில் மாட்டப் போனாள்.

“அதுல இல்ல உம்மா, அது இறுகும். அங்கால ஒண்டு ஈக்கிது. சாச்சி புதுசாக் குத்தித் தந்த.”

ஹமீமா விரலால் தடவித் தேடினாள். வாரின் நுனியோரத்தில் இருந்தது, சுட்ட ஊசியால் குத்திய ஓட்டை, விளிம்பு உருகி வழுவழுவென்று.