வாசலில் நின்ற கூம்பு

இப்போதெல்லாம் யாரும் ஆளைப் பார்த்துப் பேசுவதில்லை. போனைப் பார்த்துத்தான் வண்டியே நிறுத்துகிறார்கள். இங்கே விடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

எங்கள் தெரு சந்தைச் சதுக்கத்துக்குப் பின்னால் இருக்கிறது. வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். யாருக்கும் கார் கொட்டகை கிடையாது. தெருவில் வண்டி விடக் குடியிருப்பவர்களுக்கு மட்டும் பர்மிட் என்பது பழைய ஏற்பாடுதான். கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டு இல்லாதவனும் சந்தை நாளில் விட்டுவிட்டுப் போவான், கேட்க நாதியில்லை. இந்த வசந்தத்தில் நகரக் கவுன்சில் எல்லாவற்றையும் மாற்றியது. சீட்டு போயிற்று, கார் நம்பரே பர்மிட் ஆயிற்று. கேமரா வேன் ஒன்று சுற்றி வந்து பார்க்கும். வீட்டுக்கு வரும் நர்சுகளுக்கும் பர்மிட் உண்டு, ஆனால் நோயாளியின் வாசலுக்கு மட்டும். இதையெல்லாம் தேவாலயக் கூடத்தில் தேநீர் கொடுத்து விளக்கினார்கள். பிஸ்கட் நன்றாக இருந்தது. மற்றதை நான் நம்பவில்லை.

எனக்குக் கார் இல்லை. பார்வை மங்கியதும் விற்றுவிட்டேன். என் கவலை மேவிஸின் கால். ஆறாத புண், நர்ஸ் வந்து கட்டு மாற்ற வேண்டும். தவறினால் மறுபடி ஆஸ்பத்திரிதான். போன தடவை அங்கிருந்து என் மனைவி பாதி ஆளாகத்தான் திரும்பினாள்.

அதனால் நர்ஸ் வண்டி விட இடம் பிடித்து வாசலில் ஒரு கூம்பு வைத்திருந்தேன். ரோடு வேலைக்காரர்கள் விட்டுப்போன ஆரஞ்சுக் கூம்பு. எங்கள் ஊரில் போலீஸ்காரனிடம்கூட வாதாடுவார்கள், அடுத்தவன் கூம்பைத் தொட மாட்டார்கள். பழைய நர்ஸ் பிரெண்டா மட்டும் காலால் ஓரம் தள்ளிவிட்டு வண்டியை விடுவாள்.

இனிமேல் கூம்பு கூடாது என்றது கவுன்சில். நான் எடுக்கவில்லை.

“கூம்புக்கும் பர்மிட் வாங்கிட்டியா, சிரில்?” என்றான் எதிர்வீட்டு நெவில்.

“ஒன் வாய்க்கு மொதல்ல வாங்கு” என்றேன்.

பிறகு பிரெண்டா ஓய்வு பெற்றாள். திங்கட்கிழமை புது நர்ஸ் வருவாள் என்றார்கள், வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடையாய் நடந்தேன். இடையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். தெரியாத நம்பரெல்லாம் என் பென்ஷனைத் தேடி வருபவை, நான் எடுப்பதில்லை. மறுபடி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன்.

“உக்காரு சிரில். நீ நடக்குற நடைக்கு என் காலு வலிக்குது” என்றாள் மேவிஸ். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கால் கட்டுத் துணியில் மஞ்சளாய்ச் சீழ் ஊறி வெளியே தெரிந்தது.

கோட்டை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். எங்கள் வார்டு கவுன்சிலர் ரோசலிண்ட் பீக் செவ்வாய்க்கிழமைகளில் அங்கேதான் உட்கார்ந்து குறை கேட்பாள். என் மகள் வயதுகூட இருக்காது. உங்கள் புது பர்மிட்டால் நர்ஸ் வர வழியில்லை, என் மனைவி கால் போனால் கவுன்சிலா கால் தரும் என்று சத்தமாகவே கேட்டேன். படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் யாருக்கோ போன் போட்டாள், ஒதுங்கி நின்று பேசினாள், பிறகு என்னோடு தெருவுக்கே நடந்து வந்தாள். வழியெல்லாம் நான்தான் பேசினேன்.

வாசலில் கூம்பைப் பார்த்து நின்றாள்.

“மிஸ்டர் ஹெப்டன், அந்த நர்ஸ் பொண்ணு ரெண்டு நாளும் வந்திருக்காங்க. பர்மிட் சரியாத்தான் இருக்கு.”

“வந்தவ ஏன் கதவத் தட்டல?”

“கூம்பு இருந்துச்சாம். யாருக்கோ புடிச்சு வச்ச எடம்னு நெனச்சிருக்காங்க. சுத்திச் சுத்திப் பாத்துட்டு, அடுத்த நோயாளிக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க. உங்களுக்குப் போனும் பண்ணாங்களாம்.”

“அவளுக்குத்தாம்மா வச்சேன்.”

“அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கேட்டாத் தெரியும்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளோ என்னவோ. நர்ஸ் வந்துகொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொன்னாள்.

கூம்பை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். இடம் காலியாகக் கிடந்தால் எவனாவது நுழைந்துவிடுவானே, அதனால் அந்த இடத்தில் நானே நின்றேன். ஒவ்வொரு கார் திரும்பும்போதும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். கடைசியில் சின்னச் சிவப்புக் கார் ஒன்று வந்து எனக்கு முன்னால் நின்றது. ஓர விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. ஹாரன் அடிக்கவில்லை, கண்ணாடியை இறக்கவில்லை, நகருங்கள் என்று சொல்லவில்லை. உள்ளே ஒரு பெண் என்னைப் பார்த்துத் தயக்கமாகப் புன்னகை செய்துகொண்டிருந்தாள். நான் நகராவிட்டால் மறுபடி சுற்றப் போயிருப்பாள்.

நகர்ந்தேன். அவள் நிறுத்திவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு, பையோடு உள்ளே ஓடினாள். மேவிஸின் குரல் கேட்டது, தேநீர் போடச் சொல்லி.

“பாத்தீங்களா, ஏற்பாடு வேலை செய்யுது” என்றாள் ரோசலிண்ட்.

“இன்னிக்கு” என்றேன்.

அவள் இன்னும் ஏதோ விளக்க ஆரம்பித்தாள். நான் கூம்போடு பின்கட்டுப் பக்கம் நடந்தேன். எறிவதற்கு இல்லை. கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதற்கு.